நல்ல ஆய்வுப் போஸ்டர் எது? - 1900இல் பாரிஸுக்குப் போன அட்டைகளின் கதை

போன பருவத்தில் ஒரு கருத்தரங்கில் முதல்முறையாக ஆய்வுப் போஸ்டர் வைத்தேன். மகளிர் சுய உதவிக் குழுக்களின் சேமிப்புப் பழக்கம் பற்றியது. மூன்று மாத உழைப்பு. சேகரித்த எதையும் விட மனசு வராமல் பதினான்கு அட்டவணைகளையும் அந்த ஒரே தாளில் ஏற்றிவிட்டேன். வந்தவர்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள், மரியாதைக்குத் தலையாட்டினார்கள், பக்கத்துப் போஸ்டருக்குப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் நின்று, "தம்பி, இதுல என்ன சொல்ல வர்றீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. அதற்குள் அவரும் போய்விட்டார்.

அதன்பிறகு "நல்ல போஸ்டர் செய்வது எப்படி" என்று தேடிப் படித்தேன். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், நிறங்கள் குறைவாக இருக்க வேண்டும், வெற்றிடம் விட வேண்டும் என்று எல்லா இடத்திலும் ஒரே அறிவுரை. எல்லாம் சரிதான். ஆனால் எனக்கு உண்மையாகவே பாடம் கற்றுத் தந்தது நூற்றி இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் கையால் வரைந்த சில அட்டைகள். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போஸ்டருக்கு முன்பு

கருத்தரங்கில் போஸ்டர் வைக்கும் வழக்கம் அவ்வளவு பழையது அல்ல. 1960களின் இறுதியில் ஐரோப்பிய அறிவியல் மாநாடுகளில் தொடங்கி, 1970களில் அமெரிக்காவுக்குப் போய், பிறகு உலகம் முழுவதும் பரவியது. மாநாட்டுக்கு வருவோர் எண்ணிக்கை பெருகிவிட்டது, எல்லோருக்கும் மேடையில் பேச நேரம் கொடுக்க முடியவில்லை. அதனால் "நீங்கள் தாளில் எழுதி ஒட்டுங்கள், வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள்" என்று ஏற்பாடு செய்தார்கள்.

எண்களைப் படமாக வரையும் கலை இதைவிட மிகப் பழையது. நம் புள்ளியியல் பாடத்தில் வரும் பட்டை வரைபடமும் கோட்டு வரைபடமும் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1786இல் இங்கிலாந்தின் வணிகக் கணக்குகளைக் காட்ட வெளியிட்ட நூலிலிருந்து பிரபலமானவை. வட்ட வரைபடத்தையும் 1801இல் அவரே தந்தார். வணிகவியல் மாணவர்களான நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், பட்டை வரைபடமும் கோட்டு வரைபடமும் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கில் பிறந்தவை!

பிளேஃபேர் வரைந்தது புத்தகத்தில் பார்ப்பதற்காக. ஒரு ஆய்வின் முடிவுகளைப் பெரிய அட்டைகளில் வரைந்து, கூட்டம் நடமாடும் இடத்தில் வைத்து, வழிப்போக்கர் ஒருவரை நிறுத்திப் படிக்கவைப்பது வேறு வேலை. அந்த வேலையை 1900இலேயே அருமையாகச் செய்து காட்டியவர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ்.

யார் இந்த டு பாய்ஸ்?

1868இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். பெர்லினில் இரண்டு ஆண்டுகள் பொருளாதாரமும் சமூக ஆய்வும் படித்துவிட்டு வந்து, 1895இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கினார். அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவர்தான். ஃபிலடெல்ஃபியா நகரில் வீடு வீடாகப் போய்க் கறுப்பின மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்து 1899இல் புத்தகம் வெளியிட்டார். 1897 முதல் ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

அவர் எதை எதிர்த்து ஆய்வு செய்தார் என்று தெரிந்தால்தான் அந்த அட்டைகள் புரியும். 1896இல் ஃபிரெடரிக் ஹாஃப்மன் என்ற ஆயுள் காப்பீட்டுப் புள்ளியியலாளர் ஒரு புத்தகம் எழுதினார். இறப்பு விகிதம், நோய், குற்றம் என்று பக்கம் பக்கமாக எண்களை அடுக்கி, கறுப்பின மக்கள் இயல்பிலேயே பலவீனமானவர்கள், அழிந்துகொண்டிருப்பவர்கள் என்று முடிவு கட்டினார். வறுமையும் மோசமான வீடுகளும் தந்த விளைவை இனத்தின் குணம் என்று எழுதிவிட்டார். எண்களோடு வந்ததால் படித்தவர்கள் இதை நம்பினார்கள். டு பாய்ஸ் 1897இலேயே இந்தப் புத்தகத்தைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். பொய் எண்களின் உருவத்தில் வந்தால் எண்களாலேயே பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அப்போது அவருடைய நம்பிக்கை.

1899ஆம் ஆண்டு அந்த நம்பிக்கையை ஆட்டிப் பார்த்தது. ஏப்ரல் மாதம் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை ஒரு கும்பல் உயிரோடு எரித்துக் கொன்றது. நிதானமாக உண்மைகளை எடுத்துச் சொல்லும் கடிதம் ஒன்றை எழுதிக்கொண்டு டு பாய்ஸ் பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்து போனார். இறந்தவரின் விரல் முட்டிகள் அதே தெருவில் ஒரு கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதாக வழியில் கேள்விப்பட்டார். அப்படியே திரும்பி வந்துவிட்டார். அடுத்த மாதம் அவருடைய ஒன்றரை வயது மகன் தொண்டை அடைப்பான் நோயில் இறந்துபோனான்.

அந்த ஆண்டின் கடைசியில்தான் பாரிஸ் கண்காட்சி வேலை அவர் கைக்கு வந்தது.

பாரிஸில் என்ன காட்டுவது?

1900 ஏப்ரல் முதல் நவம்பர் வரை பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தது. சுமார் 5 கோடிப் பேர் வந்தார்கள். டு பாய்ஸுடன் படித்த தாமஸ் காலோவே என்ற வழக்கறிஞர், அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றி அங்கே ஒரு தனிப் பகுதி வேண்டும் என்று முயற்சி எடுத்தார். அமெரிக்க நாடாளுமன்றம் 15,000 டாலர் ஒதுக்கியது. அதில் ஜார்ஜியா பற்றிய ஆய்வுப் பகுதிக்கு டு பாய்ஸ் பொறுப்பேற்றார்.

அதே கண்காட்சியில் இன்னொரு பக்கம், ஐரோப்பிய நாடுகள் தங்கள் காலனி மக்களைக் கொண்டுவந்து, குடிசை போட்டு உட்காரவைத்து, வேடிக்கைப் பொருளாகக் காட்டிக்கொண்டிருந்தன. ஒரு பார்வையாளர் அங்கே கறுப்பு மனிதர்களை அப்படிப் பார்த்துவிட்டு, டு பாய்ஸின் அட்டைகள் இருந்த சமூகப் பொருளாதார மண்டபத்துக்கும் வரலாம். அவர் மனதில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சில மாதங்களே இருந்தன. பணமும் குறைவு. டு பாய்ஸ் தன் மாணவர்களையும் முன்னாள் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார். மக்கள்தொகைக் கணக்கு, வரிப் பதிவேடுகள், தங்கள் கள ஆய்வு ஆகியவற்றிலிருந்து எண்களை எடுத்தார்கள். 22 அங்குலம் அகலம், 28 அங்குலம் உயரம் உள்ள அட்டைகளில் மையும் வண்ணமும் கொண்டு கையாலேயே வரைந்தார்கள். இரண்டு வரிசைகளாக அறுபதுக்கும் மேற்பட்ட அட்டைகள். கூடவே 363 புகைப்படங்கள் கொண்ட ஆல்பங்களும், ஜார்ஜியா மாநிலம் கறுப்பின மக்கள்மீது போட்ட சட்டங்களைக் கையால் எழுதிய தொகுதிகளும் போயின. டு பாய்ஸ் கப்பலில் மிகக் குறைந்த கட்டண வகுப்பில் பயணம் செய்து பாரிஸ் போய்ச் சேர்ந்தார்.

அட்டைகளைப் பார்ப்போம்

இவை இப்போது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2018இல் தனிப் புத்தகமாகவும் வந்தன. என்னைக் கவர்ந்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, அடிமைகளும் சுதந்திரமானவர்களும் எத்தனை சதவீதம் என்று காட்டும் அட்டை. அட்டையின் பெரும்பகுதியை ஒரு கறுப்பு நிலம் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதுதான் அடிமைகள். அதன்மேல் மெல்லிய பச்சைப் பட்டை, சுதந்திரமானவர்கள். 1790இல் 8 சதவீதம், 1830இல் 14 சதவீதம், 1860இல் மறுபடி 11 சதவீதம். எழுபது ஆண்டுகள் அந்தப் பச்சை அப்படியேதான் ஓடுகிறது. 1870இல் ஒரேயடியாகச் சரிந்து 100 சதவீதம் ஆகிறது. உள்நாட்டுப் போரும் அடிமைமுறை ஒழிப்பும் என்ன செய்தன என்பதற்கு விளக்கமே தேவையில்லை. ஒன்பது எண்கள், இரண்டு நிறங்கள். அவ்வளவுதான்.

இரண்டாவது, சுருள் வடிவ அட்டை. 1890இல் ஜார்ஜியாவின் கறுப்பின மக்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்பது விஷயம். 10,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களில் 78,139 பேர். 5,000 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊர்களில் 8,025 பேர். 2,500 முதல் 5,000 வரை உள்ள ஊர்களில் 37,699 பேர். கிராமப்புறங்களில் 7,34,952 பேர். இதை நாம் சாதாரணப் பட்டை வரைபடமாகப் போட்டால் என்ன ஆகும்? 8,025க்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் கிராமத்துப் பட்டைக்கு 92 சென்டிமீட்டர் வேண்டும். அட்டையின் உயரமே 71 சென்டிமீட்டர்தான். நாமாக இருந்தால் அளவைக் குறைப்போம், சின்னப் பட்டை கண்ணுக்கே தெரியாமல் போகும். டு பாய்ஸ் குழுவினர் நகரங்களைக் கோடுகளாக வரைந்துவிட்டு, கிராமத்துக் கோட்டை மட்டும் சிவப்பில் பெரிய சுருளாகச் சுற்றிவிட்டார்கள். பார்த்தவுடன் நிற்கத் தோன்றும். ஒரு குறையும் உண்டு. சுருளின் நீளத்தைக் கண்ணால் சரியாக அளக்க முடியாது. அதனால்தான் ஒவ்வொரு கோட்டுக்கும் எண்ணையும் எழுதிவிட்டார்கள்.

மூன்றாவது, வணிகவியல் படிப்பவர்களுக்கு மிகவும் பிடிக்கக்கூடியது. கறுப்பினக் குடும்பங்களின் வீட்டு மற்றும் சமையலறைச் சாமான்களுக்கு வரிப் பதிவேட்டில் போடப்பட்ட மதிப்பு. 1875இல் 21,186 டாலர். 1880இல் 4,98,532. 1890இல் 11,73,624. 1899இல் 14,34,975. 24 ஆண்டுகளில் ஏறக்குறைய 68 மடங்கு. கணக்குப் படித்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். வரிக்காகப் போடும் மதிப்பு சந்தை மதிப்பு அல்லவே, முதல் ஐந்தாண்டுத் தாவலில் பதிவு முறையின் மாற்றமும் கலந்திருக்காதா? நியாயமான கேள்வி. ஆனாலும் 1880க்குப் பிறகுள்ள எண்களை மட்டும் எடுத்தாலும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வளர்ச்சி. மற்றபடி, சாமானை ஏன் எடுத்தார் என்பதுதான் முக்கியம். அடிமையாக இருந்தவருக்குச் சட்டப்படி எதுவும் சொந்தமில்லை. கட்டில், நாற்காலி, அடுப்பு என்று ஒரு குடும்பம் சொந்தமாக வாங்கியது என்றால் அதுவே ஒரு வரலாறு.

நான்காவது, நகரங்களில் கறுப்பின மக்களுக்கு இருந்த சொத்தின் மதிப்பைக் காட்டும் கோட்டு வரைபடம். கோடு ஏறுகிறது, 1890களில் தடுமாறுகிறது. நம் பாடப்புத்தகத்தில் இத்துடன் நிறுத்தியிருப்பார்கள். டு பாய்ஸ் அந்த வரைபடத்துக்குள்ளேயே கு கிளக்ஸ் வன்முறை, அரசியல் கொந்தளிப்பு, புதிய தொழில்களின் எழுச்சி, கும்பல் கொலை, நிதி நெருக்கடி, வாக்குரிமைப் பறிப்பு என்று எழுதிவைத்தார். பொருளாதாரக் கோடு தானாக ஏறி இறங்குவதில்லை, அதன்மேல் யாரோ கை வைக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. முந்திய ஆண்டு அந்தக் கடை வரை போகாமல் திரும்பியவர், 'கும்பல் கொலை' என்ற சொல்லை ஒரு புள்ளிவிவர அட்டையில் எழுதி உலகத்தின் முன்னால் வைத்தார் என்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

ஐந்தாவது, அட்லாண்டாவில் 150 குடும்பங்களின் வரவு செலவு. ஆண்டு வருமானத்தின்படி பிரித்து, ஒவ்வொரு பிரிவும் வாடகை, உணவு, உடை, வரி, மற்றவை மற்றும் சேமிப்பு என்று எவ்வளவு செலவழித்தது என்று காட்டுகிறார்கள். மிக ஏழைப் பிரிவில் உணவுக்கு 43 சதவீதம், உடைக்கு 28, வாடகைக்கு 19. கடைசிப் பத்தியில் மிஞ்சுவது வெறும் 0.1 சதவீதம். 1,000 டாலருக்கு மேல் வாங்கும் பிரிவில் அந்தக் கடைசிப் பத்தியே பாதியளவு ஆகிவிடுகிறது. நாம் பொருளாதாரத்தில் படிக்கும் எங்கெல் விதியேதான். வறுமை எங்கேயும் ஒரே மாதிரிதான் செலவழிக்கும், அதற்கு இனம் கிடையாது. ஹாஃப்மனுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா?

கடைசியாக, எழுத்தறிவின்மை பற்றிய அட்டை. அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பல ஐரோப்பிய நாடுகளுடன் பட்டைகளாக ஒப்பிட்டிருக்கிறார்கள். ருமேனியா, செர்பியா, ரஷ்யா ஆகியவற்றில் எழுத்தறியாதோர் இவர்களைவிட அதிகம் என்று அது காட்டுகிறது. ஐந்தாறு தலைமுறையாகப் படிக்கவே விடாமல் வைக்கப்பட்டிருந்த மக்கள் முப்பத்தைந்து ஆண்டில் இந்த இடத்துக்கு வந்திருக்கிறார்கள். இந்த இரண்டாம் வரிசை அட்டைகளில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இருக்கிறது. பார்க்கப்போவது ஐரோப்பியர்கள். அவர்கள் மொழியில், அவர்கள் நாட்டையே அளவுகோலாக வைத்துச் சொன்னார்கள்.

என்ன கற்றுக்கொண்டேன்?

இந்த அட்டைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் சில விஷயங்கள் எனக்குத் தெளிவாயின.

ஒன்று, ஒரு அட்டைக்கு ஒரு செய்திதான். அவர்களிடம் அறுபதுக்கும் மேல் அட்டைகள் இருந்தன, நம்மிடம் ஒரே ஒரு போஸ்டர். அப்படியானால் நமக்கு இன்னும் கண்டிப்பு வேண்டும். 2019இல் மைக் மாரிசன் என்ற அமெரிக்க ஆய்வு மாணவர், போஸ்டரின் நடுவில் முடிவை எளிய ஒரே வாக்கியத்தில் பெரிதாக எழுதுங்கள் என்று சொன்னது பெரிதாகப் பேசப்பட்டது. டு பாய்ஸின் ஓர் அட்டை இதை எப்போதோ செய்திருக்கிறது. 1890இல் கறுப்பின மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் சொந்த வீடும் நிலமும் வைத்திருந்தார்கள், அதுவும் அரசு உதவி இல்லாமல் என்பதை நேரடியாகவே எழுதி, பக்கத்தில் 81, 19 என்ற எண்களை வைத்திருக்கிறது.

இரண்டு, நிறம் அழகுக்காக அல்ல. பச்சை எதைக் குறிக்கிறது, கறுப்பு எதைக் குறிக்கிறது என்று சொல்ல முடியாவிட்டால் அந்த நிறமே வேண்டாம். என் போஸ்டரில் ஏழு நிறங்கள் இருந்தன. ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

மூன்று, இதுதான் முக்கியம். "என்னிடம் என்ன இருக்கிறது" என்று தொடங்கினால் பதினான்கு அட்டவணைதான் வரும். "என் முன்னால் நிற்கப்போகிறவர் ஏற்கெனவே என்ன நம்பிக்கொண்டு வருகிறார்" என்று டு பாய்ஸ் தொடங்கினார். இவர்கள் அழிந்துபோகிறவர்கள் என்று நம்புகிறவருக்கு மக்கள்தொகை: ஜார்ஜியாவில் 1790இல் 29,662 பேராக இருந்தவர்கள் 1890இல் 8,58,815. படிக்கமாட்டார்கள் என்று நம்புகிறவருக்கு எழுத்தறிவு. சேமிக்கத் தெரியாது என்று நம்புகிறவருக்குச் சாமானும் சொத்தும். ஒவ்வொரு அட்டையும் எதிரில் நிற்பவர் வாய்விட்டுக் கேட்காத ஒரு கேள்விக்குப் பதில்.

பிறகு என்ன ஆனது?

இந்தக் காட்சிக்குப் பாரிஸில் பரிசுகள் கிடைத்தன, டு பாய்ஸுக்குத் தங்கப் பதக்கம். 1901இல் அமெரிக்காவின் பஃபலோ நகரக் கண்காட்சியிலும் காட்டப்பட்டது. ஆனால் கும்பல் கொலைகள் நிற்கவில்லை, வாக்குரிமைப் பறிப்பும் நிற்கவில்லை. உண்மையைத் தெளிவாகக் காட்டினால் மக்கள் மாறிவிடுவார்கள் என்ற டு பாய்ஸின் நம்பிக்கை மெல்ல மாறியது. 1910இல் பல்கலைக்கழக வேலையை விட்டு, கறுப்பின மக்களின் உரிமைக்கான சங்கத்தில் சேர்ந்து அதன் பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1963 ஆகஸ்ட் 27இல் கானா நாட்டில் இறந்தார். மறுநாள்தான் வாஷிங்டனில் லட்சக்கணக்கானோர் உரிமை கேட்டு ஊர்வலம் போனார்கள்.

அப்படியானால் அந்த அட்டைகள் தோற்றுவிட்டனவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு போஸ்டர் உலகத்தைத் திருத்தாது. ஒருவரை அரை நிமிடம் நிற்கவைத்து, அவர் கொண்டுவந்த எண்ணத்தை அதேபடி திரும்பக் கொண்டுபோகவிடாமல் செய்யும். அதற்குமேல் உள்ள வேலையை மனிதர்கள்தான் செய்ய வேண்டும். டு பாய்ஸ் இரண்டையும் செய்தார்.

ஒரே ஒரு வருத்தம். அந்த அட்டைகளை வரைந்தவர்களில் வில்லியம் ஆண்ட்ரூ ரோஜர்ஸ் என்ற முன்னாள் மாணவரின் பெயர் நிற்கிறது, உடன் உழைத்த மற்ற மாணவர்கள் பெரும்பாலும் பெயரில்லாமலே போய்விட்டார்கள். அந்த நேர்கோடுகளையும் அச்சு எழுத்து மாதிரியான எழுத்துகளையும் பார்க்கும்போது, இரவில் விளக்கடியில் குனிந்து வரைந்த நம் வயதுப் பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

அடுத்த கருத்தரங்குக்குப் போஸ்டரை மறுபடி செய்யப்போகிறேன். "ஏழைப் பெண்களால் சேமிக்க முடியாது" என்று நினைத்துக்கொண்டு வருகிற ஒருவர்தான் என் பார்வையாளர். அவருக்கு ஒரே ஒரு கோடு, இரண்டு நிறம், ஒரு வாக்கியம். பதினான்கு அட்டவணைகள் பைக்குள் இருக்கும், கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். அடியில் என்னோடு ஊர் ஊராக அலைந்து கணக்கு எடுத்த நண்பர்கள் எல்லோருடைய பெயரும் இருக்கும்.